பாதமில்லாத எழுத்து

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில்
ஆ கியோங் டயர் கடைக்கும் பல் கிளினிக்குக்கும் நடுவே
என் பேனர் கடை.
கணினியில் நாற்பது தமிழ் எழுத்துரு கிடக்கிறது.
ஓடுவது ஒன்றுதான்.

குண்டு என்று கூப்பிடுகிறோம்.
வாங்கியபோது வேறு பெயர் இருந்தது, மறந்துவிட்டேன்.
கூர் இல்லை, கொக்கி இல்லை, நுனியில் பாதம் இல்லை.
தொட்ட இடத்திலிருந்து விட்ட இடம்வரை ஒரே தடிமன்,
சைக்கிள் டியூபில் காற்றடித்து வளைத்த மாதிரி.
ண மூன்று சுழிக்கும் இடம் பற்றாமல்
வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும்.
ழ வாலை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.
புள்ளி வெறும் புள்ளி இல்லை, கோலிக்குண்டு.
ஃபிரைட் சிக்கன் கடை வந்த அன்றுதான்
அதன் ஃ-ஐ முதன்முதலாகப் பார்த்தேன்:
மூன்று இட்லி, சட்னிக்குக் காத்திருந்தது.

நகராட்சியிலிருந்து ரொஸ்லான் அளவு நாடாவோடு வருவார்.
மலாய்தான் பெரிதாக இருக்கவேண்டும், விதி.
அளப்பார். பெரிதாகத்தான் இருக்கும்.
கீழே பாதி உயரத்தில் நம் குண்டு,
சாலைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் போடுகிறவனிடம்
முடி வெட்டலாம் வா என்று சொல்லிக்கொண்டிருக்கும்.
ரொஸ்லான் நாடாவைச் சுருட்டிப் பையில் போடுவார்.
தடிமனுக்கு விதி எழுதவில்லை யாரும்.

இன்று வெட்டிய கோழி.
மூன்று நாள் அன்னதானம், தீமிதியன்று பார்க்கிங் இலவசம்.
எஸ்.பி.எம். கணக்கு, அழாமல் படிக்கலாம்.
அடிக்கு மூன்று வெள்ளி, கயிறு என் செலவு.

ஒரே ஒரு முறை அதை ஒளித்துவைத்தேன்.
இன்னாசிமுத்து மனைவி படத்தோடு வந்திருந்தார்.
கண்ணீர் அஞ்சலி என்று அடித்துப் பார்த்தால்
பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது.
மெலிந்த, பாதம் வைத்த எழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.
மரியாதையாக இருந்தது.
எஸ்டேட் சந்தியில் கட்டினார்கள்.
சிரம்பானிலிருந்து வந்த நான்கு கார்கள்
படிக்க முடியாமல் தாண்டிப் போயின.
அண்ணன்காரர் குழி மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தார்.

போன மாதம் மூன்றாம் டிவிஷன் லயத்துக்குக் கம்பெனிக் கடிதம்.
முப்பது நாளில் காலி செய்க.
நான் பார்த்தேன். பொடி எழுத்து,
ஒவ்வொன்றும் நகம் வெட்டாமல் இருந்தது.

குணவதி எட்டுப் பேரோடு வந்தாள்.
பழக்குலை வெட்டுகிறவள், தோள்பட்டையே என் கதவளவு.
இருபது அடி வேண்டும் என்றாள்.
கூட வந்த பையன் சொன்னான்,
ரத்தம் வடியிற மாதிரி ஒன்னு இருக்குமே, சிவப்புல.
"பேய்ப்படமா எடுக்கிறோம்?
கோழிக்கடைக்குப் போட்டிங்களே, அத போடுங்க.
அதுதான் எல்லாருக்கும் கண்ணுக்குப் பழகியிருக்கு."

நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

திரையில் அடித்துப் பார்த்தேன்.
கோபமே வரவில்லை அதற்கு.
கன்னம் உப்பி, சாப்பிட்டு முடித்த முகத்தோடு
எழுந்திருக்கிற எண்ணமில்லாமல் இருந்தது.

இரண்டு செம்பனைக்கு நடுவே கட்டினார்கள்.
லோரிக்காரர்கள் நிறுத்தி, எப்ப விழா என்று கேட்டார்களாம்.
கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்கள்.
இரண்டு பேர் இறங்கித் தேநீரும் குடித்தார்கள்.
மேனேஜர் கார் கண்ணாடியை இறக்கினார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
பார்த்ததும் சிரித்துவிட்டார்.
பிறகுதான் கிராணியிடம் கேட்டார்,
என்ன எழுதியிருக்கிறது என்று.

இன்று இருபத்தாறாம் நாள்.
ராத்திரி காற்றில் ஓரத்து வளையம் அறுந்து
கடைசி ம் மடிந்து தொங்குகிறது,
கோலிக்குண்டு தெரியவில்லை என்று போன் வந்தது.
ஆ கியோங்கிடம் ஏணி கேட்டிருக்கிறேன்.
கடையைப் பாதி சாத்திவிட்டுக் கிளம்புகிறேன்.